ஆற்றுப்படையும் மானிய விண்ணப்பமும்

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள் என்பதும், பரிசில் பெற்று மீள்பவன் பெறாத ஒருவனை வள்ளலிடம் வழிப்படுத்துவதே ஆற்றுப்படை என்பதும் தமிழாசிரியர் அனைவரும் அறிந்தவை. கெடா மாநிலத்துத் தமிழாசிரியர் ஒருவர் காலையில் இதனைக் கற்பிக்கிறார். மாலையில் ஊர்ச் சங்கத்துச் செயலாளர் கொண்டுவரும் படிவத்தை எதிரே வைத்துக்கொண்டு, இளைஞர் தொழிற்பயிற்சிக்கு மானியம் வேண்டி விண்ணப்பம் வரைகிறார். காலைப் பாடத்துக்கும் மாலை வேலைக்கும் உள்ள உறவு அவருக்குத் தோன்றுவதில்லை. தோன்றியிருப்பின் அவ்விண்ணப்பம் வேறு விதமாக அமைந்திருக்கும்.

விண்ணப்பம் எழுதுவது இந்நாட்டுத் தமிழாசிரியருக்குப் புதிதன்று. மக்கள் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த காலத்தில், துரைக்கு மனு எழுதவும் பிறப்புப் பத்திரம் இல்லாதவருக்கு முறையீடு எழுதவும் கிராணியாரை நாடினர். அவரிடம் செல்ல அஞ்சியவர் பள்ளிக்கூடத்து வாத்தியாரை நாடினர். இன்று லயங்கள் பல மறைந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய்ப் பக்கங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. பால்மரம் வெட்டியவரின் பேரன் இன்று தாமான் வீட்டில் இருக்கிறான். மனு எழுதும் பணி மட்டும் ஆசிரியரிடமே தங்கிவிட்டது.

மனு போய்ச் சேரும் இடமும் மாறிவிட்டது. 2014-ஆம் ஆண்டில் பிரதமர் துறையின் கீழ்ச் 'செடிக்' என்னும் பிரிவு அமைக்கப்பெற்றது. 2018-இல் அது 'மித்ரா' எனப் பெயர் மாறியது. இந்தியச் சமூகத்தின் மேம்பாட்டுக்கென ஆண்டுக்குப் பத்துக் கோடி ரிங்கிட் ஒதுக்கப்பெற்று வந்தது. அதில் ஒரு பகுதி, பொது அமைப்புகள் அனுப்பிய விண்ணப்பங்களின் பேரில், பயிற்சிகளுக்குச் சென்றது. 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் அந்நிதியைப் பற்றி விசாரணை தொடங்கியபோது, பணம் எவர் கைக்குப் போயிற்று என்பதே எங்கும் பேச்சாக இருந்தது. கேட்கவேண்டிய கேள்விதான். ஆயினும், நேர்மையாளர் ஒருவர் நேர்மையாக எழுதிய விண்ணப்பத்தாலும் பயன் விளையாமற் போகக்கூடும் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இங்கு ஆராய வேண்டுவது அதுவே.

வழக்கமான விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொள்க. முதற்பத்தி நாட்டின் தொலைநோக்கைப் போற்றும். அடுத்த பத்தி சங்கம் தோன்றிய வரலாற்றையும், அதன் ஆண்டுவிழாவுக்கு வந்த பெருமக்கள் யாவர் என்பதையும் கூறும். அதன்பின் 'வசதி குறைந்த இந்திய இளைஞர்கள்' என்று ஒரு தொடர் வரும். இத்தனை பேருக்கு மூன்று மாதப் பயிற்சி என்று ஓர் எண் வரும். இறுதியில் மண்டப வாடகை, உணவு, பதாகை, சான்றிதழ் எனச் செலவுப் பட்டியல். எழுத்துப்பிழை இராது; கணக்கும் சரியாகவே இருக்கும். ஆனால் 'கெடா' என்னும் சொல்லை நீக்கி 'ஜொகூர்' என்று எழுதினாலும் அவ்விண்ணப்பத்தில் ஒரு வரியும் மாறவேண்டியதில்லை. எவரைக் குறித்து எழுதப்பட்டதோ அவரை அதில் காணமுடியாது.

நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் வறுமையைச் சொல்லும் முறை வேறு. அட்டிலில் அண்மையில் ஈன்ற நாய் கிடக்கிறது. கண் திறவாத குட்டி பாலில்லாத மடியைப் பற்ற, தாய் பொறுக்கமாட்டாமல் குரைக்கிறது. பழஞ்சுவரைக் கரையான் அரித்திருக்கிறது, காளான் பூத்திருக்கிறது. அவ்வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் கண்ணில் படுதலை நாணிக் கதவை அடைத்துவிட்டு உணவு படைக்கிறாள். இதனை இரக்கம் வருவிக்கும் உத்தி என்று மட்டும் வகுப்பில் கூறுதல் போதாது. அவ்வீட்டுக்கு எது இல்லை, எதைக் கொடுத்தால் அது தீரும் என்பதைக் கொடுப்பவன் உடனே அறியும்படி செய்கிறார் புலவர். அடைத்த கதவைச் சொன்னதனால், அவர்களுக்கு மானம் உண்டு என்பதையும் அறிவித்துவிடுகிறார்.

பாடாங் செராயில் ஓர் இளைஞன் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தினான் என்க. மோட்டார்சைக்கிளில் உணவு கொண்டு கொடுத்து அன்றன்று வரும் கூலியில் வீட்டின் மின்கட்டணம் அடைகிறது. அவனை ஆறு மாதப் பயிற்சிக்கு அழைத்தால், கட்டணம் இலவசமே ஆனாலும், அந்த ஆறு மாதக் கூலியை யார் தருவார்? இரண்டாம் மாதத்தில் அவன் வாராமற் போவது சோம்பலினால் அன்று. இச்செய்தி விண்ணப்பத்தில் இருந்தால், கொடுப்பவர் பதாகைக்குக் கொடுப்பதை அவனது படிச்செலவுக்குக் கொடுப்பார். 'வசதி குறைந்தவன்' என்று மட்டும் எழுதியதனால் பதாகைக்கே கிடைக்கிறது.

இனி, வழி. ஆற்றுப்படை என்னும் பெயரில் முதலில் நிற்பது ஆறு, அதாவது வழி. மலைபடுகடாம் 583 அடிகளில் நன்னனைப் புகழ்வதோடு அமையவில்லை. அவனிடம் செல்லும் பாதையை இடம் இடமாகச் சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல் எப்பக்கம் வரும், எவ்விடத்தில் வழுக்கும், இரவில் எங்கே தங்கலாம் என்றெல்லாம் பெருங்கௌசிகனார் கூறுகிறார். பெரும்பாணாற்றுப்படையோ வழியில் யார் வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்பதுவரை சொல்லும். (அதனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையில் காழகத்தையும் குறித்தவர். காழகம் கடாரமே என்பது நச்சினார்க்கினியர் உரை. ஆகவே கெடாவில் தமிழ் கற்பிப்பவருக்கு அப்புலவர் அயலார் அல்லர்.)

கெடாவில் இன்று வழி எப்படி இருக்கிறது? கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பெற்றது. மின்னணுத் தொழிற்சாலைகள் அங்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்பினியன் நிறுவனம் 2006-இல் வந்து, 2024-இல் மேலும் ஒரு பெரிய ஆலையைத் திறந்தது. பாடாங் செராயும் லூனாசும் வரைபடத்தில் அப்பூங்காவுக்கு அருகில்தான் உள்ளன. ஆனால் வரைபடத்தில் பேருந்து நேரம் குறிக்கப்படுவதில்லை. வேலையில் சேர்ந்தவனைத் தொழிற்சாலைப் பேருந்து வந்து ஏற்றிக்கொள்ளும். வேலைக்காகப் பயில்பவனை யார் ஏற்றுவார்? தவிரவும், பயிற்சி பெரும்பாலும் மலாய்மொழியில் நடக்கிறது. பேச்சுமலாய் தெரிந்தவனும் பொறிகளைப் பற்றிய மலாய்க் கலைச்சொற்களின் முன் தடுமாறுகிறான். இது பாம்புக் குழி போன்றது. முன்னரே சொன்னால் விலகி நடக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய வழுக்குநிலம் சான்றிதழ். 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, மலேசியத் திறன் சான்றிதழுக்கு மூன்று படிகள். அவற்றின் மேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா என இரண்டு. ஆக ஐந்து படிகள். சங்கம் வாடகை மண்டபத்தில் மூன்று மாதம் நடத்தித் தன் தலைவர் கையொப்பத்தோடு கொடுக்கும் தாள் இவ்வைந்தில் எதுவும் அன்று. அத்தாளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய தாய்மார் உண்டு. தொழிற்சாலையில் அதனை எந்தப் படியில் வைப்பது என்று அறியாமல் திருப்பிக் கொடுத்துவிடுவர். மகன் அதன்பின் வேறு எந்தப் பயிற்சிக்கும் செல்ல மறுப்பான். மானியம் வீணானதைவிட இது பெரிய இழப்பு.

இங்கு ஆற்றுப்படையின் அடிப்படையை நினைவுகொள்ள வேண்டும். பாணன் புதிதாக ஓர் அரண்மனை எழுப்புவதில்லை. இருக்கும் வள்ளலிடம் செல்லும் வழியைத்தான் காட்டுகிறான். கெடாவில் கல்விக்கூடங்கள் இல்லாமல் இல்லை. ஜித்ராவில் 1984 முதல் பல்தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கூலிமிலும் ஒன்று உண்டு. சமூகக் கல்லூரிகள் என்னும் அரசுக் கல்லூரிகள் 2001-இல் நாட்டில் தொடங்கப்பெற்றன. சுங்கைப்பட்டாணியிலும் ஒன்று இயங்குகிறது. திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் திறன் சான்றிதழ்ப் பயிற்சிக்குக் கடன் வழங்குகிறது. பட்டறையும் பொறியும் பயிற்றுநரும் அரசின் செலவில் ஆயத்தமாக இருக்க, சங்கம் மண்டபத்தில் நாற்காலி போட்டு ஏன் புதிதாகத் தொடங்க வேண்டும்? கல்லூரியில் சேர்வதற்கு முன் இரண்டு மாதம் தொழில்மலாய் வகுப்பு, போக்குவரத்துச் செலவு, இழக்கும் கூலிக்கு ஈடாக ஒரு சிறு படி, வாராதவனின் வீட்டுக்குச் சென்று விசாரிக்க ஓர் ஆள்: இவற்றுக்கு மானியம் கேட்பின், அதே பணத்தில் உண்மையான சான்றிதழோடு இளைஞர் வெளிவருவர். சங்கத்தின் பெயர் பெரிதாகத் தெரியாது என்பது உண்மையே.

(2001-ஆம் ஆண்டிலேதான் ஏய்ம்ஸ்ட் கல்விக்கூடமும் சுங்கைப்பட்டாணியில் தொடங்கியது. அதனால் மருத்துவர் பலர் உருவாயினர்; சமூகம் பெருமை கொண்டது; கொள்ளத் தக்கதே. சமூகக் கல்லூரியைப் பற்றி அத்தகைய பேச்சு எழவில்லை. வெல்டிங் கற்றவனை மேடையில் ஏற்றும் வழக்கம் இன்னும் வரவில்லை.)

அமெரிக்காவில் நடந்த ஒன்று ஒப்பிடத் தக்கது. வெளிநாட்டு வணிகப் போட்டியால் வேலை இழந்தவர்களைப் பயிற்றுவிக்க, அந்நாட்டுத் தொழிலாளர் துறை 2011 முதல் 2014 வரை நான்கு சுற்றுகளில் ஏறத்தாழ 200 கோடி டாலரை மானியமாக வழங்கியது. பணம் புதுச் சங்கங்களுக்குச் செல்லவில்லை. பெரும்பாலும், ஏற்கெனவே இயங்கிவந்த சமூகக் கல்லூரிகளின் தொழிற்பயிற்சியைச் செம்மைப்படுத்தச் சென்றது. வட்டாரத்தில் எந்த வேலைக்கு ஆள் தேவை, எந்தத் தொழிலதிபர் இதில் கைகோக்கிறார் என்பதைக் கல்லூரி விண்ணப்பத்திலேயே காட்டவேண்டியிருந்தது. பிந்திய சுற்றுகளில், பயன் விளைந்ததா என்று ஆராய வெளியார் ஒருவரை அமர்த்துவதும் கட்டாயமாயிற்று. அத்தொகையோடு இங்குள்ள நிதியை ஒப்பிட முடியாது. கேள்விகளை ஒப்பிடலாம், கேள்வி கேட்பதற்குப் பணம் வேண்டியதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு வேலையும் வீடும் ஒருசேர இழந்தவரின் பிள்ளைகளுக்கு, அங்கு வேலையிழந்தவருக்குக் கேட்கப்பட்ட கேள்விகள் ஏன் கேட்கப்படவில்லை?

பாணனையும் தோட்டத்து மக்களையும் ஒப்பிடுவது அவர்களை இரவலராக்குவது ஆகாதா என்று ஒருவர் கேட்கலாம். இரத்தல் வேறு, பரிசில் பெறுதல் வேறு என்பதைப் புறநானூறு அறியும். அதியமான் நெடுமான் அஞ்சி தன்னைக் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். காணாது கொடுத்ததைக் கொள்வது வணிகம் என்பது அவர் கருத்து. கெடாத் தோட்ட மக்களும் கேட்டு வாங்குவதை மட்டும் அறிந்தவர் அல்லர். 1946, 1947-ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் தொடங்கிய தொண்டர் படை, எவர் மானியமும் இன்றிக் கள்ளுக்கடைக்கு எதிராக நின்றது. 1960-இல் சம்பந்தனார் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது; கெடாவின் புக்கிட் சீடிம் அவற்றுள் ஒன்று. பெருஞ்சித்திரனார் கேட்டது தம்மைக் காணவேண்டும் என்பதே. விண்ணப்பமும் அதனையே கேட்க வேண்டும். காண்பதற்குரியவனை முதலில் விண்ணப்பமே காட்ட வேண்டும்.

கொடுப்பவர் தரும் படிவத்தில் குறை இல்லையா? உண்டு. எத்தனை பேர் பயின்றனர் என்று கேட்கும் படிவம், ஓராண்டு கழித்து எத்தனை பேர் அவ்வேலையில் இருக்கின்றனர் என்று கேளாவிடின், எண்ணிக்கைக்கே விடை கிடைக்கும். ஆயினும் படிவத்தில் கேளாததை எழுதக்கூடாது என்று எவ்விதியும் இல்லை. பின்னிணைப்பாக ஒரு பக்கம் வைத்தால் போதும்: சென்ற முறை பயின்றவர் யாவர், இன்று எங்கே இருக்கின்றனர், இடையில் நின்றவர் ஏன் நின்றனர்.

ஆற்றுப்படையில் பேசுபவன் புலவன் அல்லன். சென்று பெற்று மீண்டவன். அதனால்தான் அவன் சொல் நம்பப்படுகிறது. தொழிற்பயிற்சி விண்ணப்பங்களில் அவன் குரல் இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரின் குரலே உண்டு. கல்லூரியில் முறையாகப் பயின்று கூலிமில் வேலை செய்யும் இளைஞன் ஒருவனை, அடுத்த விண்ணப்பம் எழுதும் நாளில், ஆசிரியர் தம் மேசைக்கு எதிரே உட்காரவைத்துக் கேட்கலாம். அவன் நாட்டின் தொலைநோக்கைப் பற்றிப் பேசமாட்டான். காலையில் எத்தனை மணிக்கு எந்தச் சந்தியில் நின்றான், முதல் மாதம் மதியச் சாப்பாட்டுக்கு யாரிடம் கடன் வாங்கினான், எந்தப் பாடத்தில் மலாய் விளங்காமல் நின்றுவிட எண்ணினான், அப்போது யார் வந்து அழைத்தார் என்பவற்றைச் சொல்வான். ஆசிரியர் அவற்றை அவன் சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொண்டால் போதும்.