தரவைக் கேள்வி கேட்கும் வகுப்பறை

1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் வரைபடங்கள் சில வைக்கப்பட்டிருந்தன. பேராசிரியர் டபிள்யூ.இ.பி. டு பாய்சும் அவருடைய மாணவர்களும் கையால் வரைந்து வண்ணம் தீட்டியவை அவை. அடிமைத்தளை அறுந்து முப்பத்தைந்தே ஆண்டுகளில் ஜார்ஜியாவின் கறுப்பின மக்கள் எவ்வளவு நிலம் வாங்கினார்கள், எத்தனை பேர் எழுத்தறிவு பெற்றார்கள் என்பதை அவை ஒரே பார்வையில் காட்டின. ‘தரவு அறிவியல்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வரும் முன்பே அந்தக் கல்வி அங்கே தொடங்கிவிட்டது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் வழித்தோன்றலான கிளார்க் அட்லாண்டாவும் ஸ்பெல்மன், மோர்ஹவுஸ் முதலிய கல்லூரிகளும் சேர்ந்த கூட்டமைப்பு 2019இல் தரவு அறிவியலுக்கென ஒரு திட்டத்தை ஏற்படுத்தியது. அமெரிக்காவில் 1964க்கு முன் கறுப்பினத்தவர் கல்விக்காக நிறுவப்பட்ட கல்லூரிகள் ஏறத்தாழ நூறு. அவற்றில் இந்த முயற்சி எதைச் சாதிக்கும், எங்கே தடுமாறும் என்பதற்கு அட்லாண்டா நல்ல உரைகல்.

முதல் பலம், கூட்டு. ஒரு சிறு கல்லூரியால் தனியாக அமர்த்த முடியாத ஆசிரியரையும் வாங்க முடியாத வசதியையும் சில கல்லூரிகள் சேர்ந்து பெறலாம். இரண்டாவது பலம் அதைவிடப் பெரியது: தரவுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையை இந்த மாணவர்கள் அறிவார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை ஜாய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ரூவும் 2018இல் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. அதைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம், அந்த வாழ்க்கையை அறிந்தவர்களிடம் எழுந்ததே இங்கு முக்கியம்.

குறைகள் பணத்தில் தொடங்குகின்றன. அட்லாண்டா திட்டத்துக்கு முதலில் கைகொடுத்தது யுனைடெட்ஹெல்த் குழுமம்: ஐந்தாண்டுக்கு 82.5 லட்சம் டாலர். அதே 2019இல், அந்தக் குழுமத்தைச் சேர்ந்த ஆப்டம் நிறுவனத்தின் மருத்துவக் கணிப்பு நிரலில் இனச்சாய்வு இருப்பதை ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு வெளிப்படுத்தியது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்பதை அந்த நிரல் சிகிச்சைச் செலவைக் கொண்டு கணித்தது. அதே நோய்க்கும் கறுப்பின நோயாளிக்குக் குறைவாகவே செலவிடப்பட்டதால், அவர் நலமாக இருப்பதாக நிரல் எடுத்துக்கொண்டது. சாய்வை நீக்கினால் கூடுதல் கவனிப்புக்குத் தகுதி பெறுவோரில் கறுப்பினத்தவர் பங்கு 17.7இலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்றது ஆய்வு. நன்கொடை வாங்கியது தவறென்று இதற்குப் பொருளில்லை. அந்த நிரலை வகுப்பில் அக்கக்காகப் பிரித்து ஆராயும் உரிமை, பணம் தருபவரின் முகம் பார்க்காமல் இருக்க வேண்டும்.

இன்னொரு குறை, நிலையின்மை. நல்கைக்குக் காலக்கெடு உண்டு. நல்கை தீர்ந்தபின் வகுப்பெடுக்க ஆள் வேண்டும். அதற்கான பணம் வந்திருக்க வேண்டிய இடம் அரசு. நிலநல்கைச் சட்டத்தின் கீழ் அரசு ஆதரவு பெறும் கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு முப்பது ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைத்துத் தரப்பட்டதை 2023இல் அமெரிக்க அரசே 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதிச் சுட்டிக்காட்டியது. இந்தப் பற்றாக்குறைக்கு முன்னால் எந்த நிறுவனத்தின் கொடையும் சிறியது.

நிறுவனங்களுக்கு ஆள் தயாரிக்கும் பட்டறையாக மட்டும் நின்றால் இந்தக் கல்வி பாதிக் கல்விதான். வரலாறும் சமூகவியலும் படிக்கும் மாணவருக்கும் எட்டும் நிரந்தரப் பாடமாக, அரசின் நிதியில் அது நிற்க வேண்டும். டு பாய்சின் மாணவர்கள் வேலை தேடி அந்த வரைபடங்களை வரையவில்லை; தம் மக்களைப் பற்றிய பொய்க்கு எண்களால் பதில் சொன்னார்கள். அந்தத் துணிவைக் கற்றுத்தரும் வகுப்பறைக்கே முதலில் நிதி சேரட்டும்.