வெளியீட்டுத் தேதியும் கூலியில்லா உழைப்பும்

கட்டற்ற மென்பொருள் பற்றி நம் சூழலில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் உரிமத்தோடு நின்றுவிடுகிறது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவருக்கும் உரிமை உண்டு என்றார். கம்பெனிகளின் ஏகபோகத்துக்கு அது சவாலாக அமைந்தது. இவற்றையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் நிரல் யாருக்குச் சொந்தம் என்று கேட்ட நாம், அதை எழுதிய கைகளை யார் ஒருங்கிணைத்தார்கள், எந்த அதிகாரத்தில் என்று கேட்கவில்லை. 'சமூகம் உருவாக்கியது' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். வரலாற்றை மக்கள்தான் படைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, கமிட்டியில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் கேட்காமல் விடுகிற பழைய பழக்கம்தான் இது.

ஒரு மென்பொருள் வெளியாவதற்கு முந்தைய வாரங்களைப் பார்த்தால் இந்த அதிகாரம் கண்ணுக்குத் தெரியும். ஒரு நாள் வரை யார் வேண்டுமானாலும் புதிதாக எதையும் சேர்க்கலாம். பிறகு 'உறைவு' அறிவிக்கப்படுகிறது. இனிப் புது வசதி கிடையாது, பிழை திருத்தம் மட்டுமே. அடுத்து, திரையில் வரும் சொற்களும் உறைகின்றன. மொழிபெயர்ப்பவர்கள் எட்டிப் பிடிக்க அவகாசம். மிச்சமிருக்கும் பிழைகளில் எது இருந்தால் வெளியிடவே கூடாது, எதை அடுத்த முறைக்குத் தள்ளலாம் என்று பட்டியல் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் 'இது வேண்டாம்' என்று சொல்லியாக வேண்டும். சம்பளம் வாங்குகிறவரிடம் மேனேஜர் அப்படிச் சொல்லலாம். ஓசியில் உழைக்கிறவரிடம் யார் சொல்வது? 'அப்ப நீங்களே பாத்துக்கங்க'ன்னு அவர் எழுந்து போனால் என்ன செய்வது?

சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இதெல்லாம் புதுசில்லை. கட்டுரை தர்றேன்னவர் தரமாட்டார். மெய்ப்பு பார்க்க வாங்கிப்போனவர் ஊருக்குப் போயிருப்பார். கடைசியில் ஒருத்தர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இதழை முடிப்பார். எது போகும், எது போகாது என்பதும் அந்த ராத்திரியில் அவர் கையில் முடிவாகிவிடும். தேர்தல் வைத்து யாரும் அவருக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. மற்றவர்களின் களைப்பிலிருந்து அது அவர் கைக்கு வந்தது.

இந்தப் பிரச்சினையை மூடி மறைக்காமல் எதிர்கொண்ட திட்டம் டெபியன். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய இதற்கு 1998 முதல் எழுதப்பட்ட சட்டம் இருக்கிறது. தலைவரை ஆண்டுதோறும் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். எவரையும் வேலை செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் 2002 ஜூலையில் ஒரு பதிப்பு வெளியான பிறகு அடுத்தது வர 2005 ஜூன் ஆகிவிட்டது. எனவே 2006இல், 'எட்ச்' என்ற பதிப்பை டிசம்பருக்குள் முடிக்க ஒரு யோசனை வந்தது. அப்போதைய தலைவரும் வேறு சிலரும் சேர்ந்து, திட்டத்துக்கு வெளியே நிதி திரட்டி, வெளியீட்டுப் பொறுப்பாளர்கள் இருவருக்கு ஆளுக்கு ஒரு மாதம் சம்பளம் தருவது என்று முடிவெடுத்தார்கள். டங்க்-டேங்க் என்று அதற்குப் பெயர். எதிர்ப்புக் கிளம்பியது. சம்பளமில்லாமல் அதே வேலையைச் செய்துகொண்டிருந்த சிலர் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். எட்ச் வெளியானது 2007 ஏப்ரல் 8 அன்று.

இதைப் 'பணம் புகுந்தால் லட்சியம் கெடும்' என்கிற நீதிக்கதையாக வாசிப்பது எளிது. எனக்கு அந்த வாசிப்பில் உடன்பாடில்லை. உழைப்புக்குக் கூலி கேட்பது பாவமல்ல. எந்த உழைப்பு கூலிக்குரியது, எது 'சேவை' என்று பிரிக்கும் உரிமை சிலர் கைக்குப் போனதைத்தான் எதிர்த்தவர்கள் கண்டார்கள். நிரல் எழுதுகிறவர், பிழை தேடுகிறவர், உதவிக்குறிப்பு எழுதுகிறவர், மொழிபெயர்க்கிறவர் எல்லோரும் சமம் என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு படிநிலை வெளியே தெரிந்தது. அது அன்றைக்குப் பிறந்ததல்ல.

அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில் பெண்கள் குழுக்களைப் பற்றி எழுதிய கட்டுரை இங்கே பொருந்தும். தலைமை இல்லை, அமைப்பு இல்லை என்று அறிவித்துக்கொண்ட குழுக்களிலும் தலைமை இருந்தது என்பது அவர் வாதம். நட்பு, முன்பழக்கம், ஓய்வு நேரம் இவற்றால் உருவான தலைமை அது. அறிவிக்கப்படாததால் யாரும் அதைக் கேள்வி கேட்க முடியவில்லை. இடதுசாரிக் குழுக்களிலும் இலக்கிய வட்டங்களிலும் இருந்தவர்கள் இதைச் சொந்த அனுபவத்தில் அறிவார்கள்.

ஓய்வு நேரம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். க்னோம் என்னும் கணினி மேசைத் திட்டம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், வெளியாவது வழக்கம். மார்ச் வெளியீட்டுக்கான சொல்லுறைவு ஏறத்தாழ மாசியில் விழுகிறது. நான் இருக்கிற குன்னம் பக்கத்தில் மானாவாரிப் பருத்தி எடுக்கிற காலம் அது. சனி, ஞாயிறு காட்டுக்குப் போகும் கல்லூரி மாணவிக்கு அந்த மூன்று வாரம் எங்கிருந்து வரும்? அவரை யாரும் விலக்கவில்லை. கதவு திறந்துதான் கிடக்கிறது. ஆனால் கதவு திறந்திருக்கும் நாட்களைக் குறித்தவர்களின் நாட்காட்டியில் பருத்தி இல்லை. சாதியும் பாலினமும் வர்க்கமும் இந்தத் தொழில்நுட்பத்துக்குள் இப்படித்தான் வருகின்றன, யாரும் பெயர் சொல்லாமலே.

குன்னம் என்றதும் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சிறுவயதில் தந்தையோடு இந்த ஊரில் தங்கித் தமிழ் படித்ததை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் செய்த பதிப்பு வேலையும் ஒருவகை ஒருங்கிணைப்புதான். பல ஊர்களிலிருந்து வந்த ஏடுகள். ஒன்றுக்கொன்று முரண்படும் பாடங்கள். ஏடு தந்தவர்கள், கூட இருந்து படித்து ஒப்பிட்டவர்கள், முன்கூட்டிக் கையொப்பமிட்டுப் பணம் கட்டியவர்கள். எந்தப் பாடம் மூலத்தில் நிற்கும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. 1887இல் வெளியான சீவக சிந்தாமணியைத் திருத்தி 1907இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். இதையெல்லாம் 'தமிழ்த் தாத்தா' என்ற ஒற்றைப் பிம்பத்துக்குள் நாம் அடைத்துவிட்டோம். ஆனால் அவருடைய முன்னுரைகளில் உதவியவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. விடப்பட்ட பாடங்கள் பிரதிபேதங்களாக அடிக்குறிப்பில் கிடக்கின்றன. பதிப்பாசிரியரோடு உடன்படாத வாசகர் அடிக்குறிப்பிலிருந்து வேறொரு பிரதியைக் கட்டிக்கொள்ளலாம். அதிகாரம் தன் முடிவுக்குத் தானே சாட்சியம் விட்டுச்செல்கிறது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தெரிந்தோ தெரியாமலோ, இந்த மரபில் வந்தது. சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு.கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். அதன் மின்னூல்களின் முகப்பில் உள்ளிட்டவர் பெயரும் மெய்ப்பு பார்த்தவர் பெயரும் இருப்பதைக் காணலாம். சின்ன விஷயமாகத் தெரியலாம். கூலியில்லாத உழைப்பில் பெயர்தான் மிஞ்சும்.

மென்பொருள் மொழிபெயர்ப்பில் இந்தச் சாட்சியம் பல நேரம் இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் ஒரு காலத்தில் 'தமிழ்' என்றும் 'தமிழ் (இலங்கை)' என்றும் இரண்டு பதிப்புகள் இருந்தன. இரண்டு நிலத்தின் சொற்களும் அருகருகே நிற்க அதில் இடமிருந்தது. பிறகு இலங்கைப் பதிப்பு நின்றுபோனது. ஒரு சொல் வென்று இன்னொன்று வீழ்ந்தது எதனால், யார் வாதாடினார்கள் என்பது திரையில் 'சேமி' என்றோ 'உலாவி' என்றோ படிக்கிறவருக்குத் தெரிய வழியில்லை. உறைவுக்கு முந்தைய ராத்திரி விழித்திருந்தவரின் சொல்தான் பல நேரம் லட்சக்கணக்கானோரின் சொல்லாகிறது.

ஒருங்கிணைப்பாளரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது ஃப்ரீமன் காட்டிய குழிக்குள் மறுபடி விழுவதாகும். ஒருங்கிணைப்பு ஓர் உழைப்பு, ஓர் அதிகாரமும்கூட. இரண்டையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொறுப்பு சுழற்சியில் மாற வேண்டும். நிராகரித்த திருத்தத்துக்கும் நிராகரித்த சொல்லுக்கும் காரணம் எழுதி வைக்க வேண்டும். தேதி குறிக்கும்போது யாருடைய வேலை நாட்களை வைத்துக் குறிக்கிறோம் என்று கேட்க வேண்டும். தமிழ்க் குழுக்கள் உலகத் திட்டங்களின் தேதியை மாற்ற முடியாதுதான். ஆனால் தங்களுக்குள் ஓர் அடிக்குறிப்பு வைத்துக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லை. அதைக்கூடச் செய்யாமல் 'சமூகம் உருவாக்கியது' என்று சொல்லிக்கொண்டிருந்தால், அந்தச் சமூகத்தில் யார் இருக்கிறார்கள் என்று பருத்திக் காட்டிலிருந்து வருகிற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது.