ஓய்வுநாளும் கோடைக்காலமும்: யூத சபையின் வழிபாடு குறித்து ஒரு திறனாய்வு

சித்திரை பிறந்து கத்திரி வெயில் தொடங்கியதும், காவிரிக் கடைமடையிலுள்ள நமது சபைகளின் ஆராதனை ஒழுங்கும் மாறத் தொடங்குகிறது. காரைக்கால் வட்டாரத்தில் ஆராதனை விடியற்காலைக்கு முன்தள்ளப்படும், பிரசங்கம் சுருங்கும், பாடகர் குழுவினர் ஊருக்குப் போய்விடுவர், சிறுவருக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடைபெறும். இம்மாற்றங்களை வசதி பற்றிய காரியங்களாகவே நாம் கருதி வருகிறோம். ஆனால் வழிபாட்டில் எது மாறலாம், எது மாறலாகாது என்பது இறையியல் வினாவாகும். இவ்வினாவோடு நம்மைவிட நெடுங்காலம் போராடியவர்கள் யூத மக்கள். அவர்களுடைய கோடைக்கால ஓய்வுநாள் வழிபாட்டை ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

இங்கு ஒரு தப்பெண்ணத்தை முதலில் களைதல் வேண்டும். யூதரின் ஓய்வுநாள் மாறாத சட்டங்களின் சுமை என்றும், அதிலிருந்து நாம் விடுவிக்கப்பட்டோம் என்றும் நம் பிரசங்க பீடங்களிலிருந்து அடிக்கடி கூறப்படுகிறது. வரலாறு இதற்குச் சான்று பகர்வதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் கலிலேயாவின் சாஃபெத் நகரில் வாழ்ந்த யூத ஞானியர், வெள்ளி மாலையில் ஊருக்கு வெளியே வயல்வெளிக்குச் சென்று, மணமகளை எதிர்கொள்வதுபோல் ஓய்வுநாளை வரவேற்றனர். ஐசக் லூரியாவும் அவர் சீடரும் இவ்வழக்கத்தைப் பின்பற்றினர். இன்று அமெரிக்க யூத சபைகள் பல கோடையில் பூங்காவிலும் ஏரிக்கரையிலும் கூடி வழிபடுவதைப் புதுமை என்பார் உண்டு. உண்மையில் அது பழமைக்குத் திரும்புதலேயாகும்.

கோடைக்கென்றே அவர்கள் வகுத்த ஒழுங்குகளும் உள. பஸ்காவுக்கும் வாரங்களின் பண்டிகைக்கும் இடையேயுள்ள ஓய்வுநாள் பிற்பகல்களில், முன்னோரின் அறவுரைகளைக் கொண்ட ‘அவோத்’ என்னும் நூலை வாரத்துக்கு ஓர் அதிகாரமாகப் பயில்வர். பல சபைகளில் இப்பயிற்சி புத்தாண்டு வரை நீடிக்கும். தேவாலயம் இடிக்கப்பட்டதை நினைவுகூரும் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் நமது ஆடி மாதத்தை ஒட்டி வரும். அதற்கு முந்திய மூன்று ஓய்வுநாள்களில் எரேமியா, ஏசாயா ஆகியோரின் கண்டன வாக்குகளும், பிந்திய ஏழு ஓய்வுநாள்களில் ஏசாயா 40ஆம் அதிகாரம் தொடங்கி ஆறுதல் வாக்குகளும் வாசிக்கப்படுகின்றன. கண்டனத்துக்கு மூன்று வாரமும் ஆறுதலுக்கு ஏழு வாரமும் ஒதுக்கிய இவ்வமைப்பில் ஆழ்ந்த மேய்ப்பு ஞானம் உண்டு. விடுமுறைக் காலம் என்று திருவசனம் இங்கே குறைக்கப்படவில்லை. ஆண்டிலேயே மிகக் கனமான வாசகங்கள் கோடையில்தான் அமைந்துள்ளன.

எனினும், எல்லா மாற்றங்களும் ஒரே தரத்தன அல்ல. லண்டன் போன்ற வடநகரங்களில் ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணிக்கு மேலாகும். ஆகவே சிறுவர் உறங்கும் முன் குடும்பமாய் உண்ணும்பொருட்டு, பல சபைகள் பகல் வெளிச்சத்திலேயே ஓய்வுநாளை ஏற்றுக்கொள்கின்றன. இது நாளைக் காப்பதற்கான மாற்றம். சிகாகோவின் சைனாய் சபையோ, சனிக்கிழமையில் தொழில் புரிவோரின் வசதிக்காக, 1874இல் ஞாயிறு வழிபாட்டைப் புகுத்தியது. நாளடைவில் அதுவே தலைமை வழிபாடாயிற்று. முன்னது ஓய்வுநாளுக்காக நேரத்தை மாற்றியது. பின்னது தொழிலுக்காக ஓய்வுநாளையே இடம் பெயர்த்தது. இரண்டையும் ‘காலத்துக்கேற்ற மாற்றம்’ என்னும் ஒரே பெயரால் அழைப்பது பொருந்தாது.

நமக்கு அண்மையிலுள்ள சான்று கொச்சியாகும். அங்கும் காரைக்காலிலும் ஆண்டின் மிக முந்திய மாலை மறைவுக்கும் மிகப் பிந்திய மறைவுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு மணி நேரமே. எனவே மேனாட்டாரின் நீண்ட கோடை மாலை நமக்குரியதன்று. 1568இல் மட்டாஞ்சேரியில் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இந்நாட்டு மண்ணுக்கேற்பத் தன் வழக்கங்களை அமைத்துக்கொண்டது. அதனுள் காலணி களைந்தே நுழைவர். கீழே நடுவில் ஒரு வாசிப்பு மேடை உண்டு. மாடத்தில் வேறொன்றும் உண்டு. ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் தோரா மேல்மேடையிலிருந்து வாசிக்கப்பட்டது. பிற நாட்டு ஜெப ஆலயங்களில் காண்டற்கரிய இவ்வமைப்பு கொச்சி யூதரின் தனிச்சிறப்பு எனலாம்.

ஆயினும், இத்துணை அழகிய வழிபாட்டின் நடுவே ஒரு பிளவு இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் அச்சபையில் உரிமை குன்றியவராய் நடத்தப்பட்டனர். பிறரோடு இருக்கைகளில் அமரவும், தோரா வாசிக்க அழைக்கப்படவும் அவர்களுக்கு உரிமை இல்லை. அவர்களுள் ஒருவராகிய வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882-1967) காந்தியடிகளின் அறப்போர் முறையை ஜெப ஆலயத்துக்குள்ளேயே கையாண்டார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. ஆனால் 1948க்குப் பின் கொச்சி யூதர் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்கள் கூடுவதே அரிதாயிற்று. இன்று அவ்வாலயத்தைக் காண வருவோர் பலர். அங்கு வழிபடுவோர் மிகச் சிலர். எல்லாருக்கும் இருக்கையில் இடம் கிடைத்த காலம், இருக்கைகள் வெறுமையாகத் தொடங்கிய காலத்தோடு நெருங்கி வந்தது வேதனைக்குரியது.

உபாகமம் ஐந்தாம் அதிகாரம் ஓய்வுநாளுக்குக் கூறும் காரணம் எகிப்தின் அடிமைத்தனமாகும். வேலைக்காரனும் வேலைக்காரியும் எசமானைப் போலவே இளைப்பாற வேண்டும் என்பதே அக்கட்டளையின் உயிர்நிலை. ஆகவே, அடிமையின் பேரனைத் தரையில் அமர்த்திவிட்டு, மேல்மேடையிலிருந்து தோராவை எத்துணை ஒழுங்காக வாசித்தாலும், அவ்வோய்வுநாள் நிறைவுற்றதன்று. இத்தீர்ப்பை நாம் அயலார்மீது வீசிவிட்டு அமைதி கொள்வதற்கில்லை. நமக்கு அண்மையிலுள்ள தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் பழைய மிஷன் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்தோர் நம் முன்னோரே. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் அவ்வேறுபாட்டை ஒழிக்க ஆணையிட்டபோது அதை எதிர்த்தோரும் நம் முன்னோரே.

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். முன்பு நாம் பணியாற்றிய சபையொன்றில், ஒரு மே மாதம் வெயிலை முன்னிட்டு ஆராதனையைக் காலை ஆறு மணிக்கு மாற்றினோம். சபைச் சங்கத்தார் மகிழ்ந்தனர். வருகைப் பதிவிலும் பெருங்குறைவு தோன்றவில்லை. மூன்று வாரம் கழிந்த பின்னரே பின்புறத்துப் பாய்கள் வெறுமையாய்க் கிடப்பதைக் கவனித்தோம். வீட்டு வேலை செய்யும் பெண்களும் துப்புரவுப் பணியாளரும் விடியலில் வேலைக்குச் செல்பவர்கள். ஒன்பது மணி ஆராதனைக்கே அவர்களால் வர இயலும். அவர்களை எவரும் கலந்துகொள்ளவில்லை. போதகராகிய நாமும் கேட்கவில்லை. எசமானுக்குக் குளிர்ந்த வேளையைத் தேடி, வேலைக்காரியின் ஓய்வுநாளை நாம் எடுத்துக்கொண்டோம்.

கடலோரக் கோடை நமக்கு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீனினம் பெருகுவதற்காகக் கடலுக்கு அளிக்கப்படும் இளைப்பாறுதல் இது. யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் நிலத்துக்கு விதிக்கப்பட்ட ஏழாம் ஆண்டு ஓய்வை இது நினைவூட்டுகிறது. அங்கே நிலம் ஓய்ந்திருக்க, எளியவர் அதன் விளைவை உண்பர். இங்கோ கடல் ஓய்ந்திருக்க, பங்குக்கூலிக்குச் செல்லும் மீனவர் கடன் வாங்குகிறார். உணவில்லா ஓய்வைத் திருமறை ஓய்வு என்று அழைப்பதில்லை. அவ்வறுபத்தொரு நாள்களில் நம் சபைகளின் மன்றாட்டிலும் காணிக்கையிலும் அக்குடும்பங்களுக்கு இடம் உண்டோ?

ஆகவே கோடைக்கால வழிபாட்டில் பல்வகை வடிவங்களை நாம் வரவேற்கிறோம். மரநிழலில் கூடலாம்; கடற்கரையில் மாலை ஆராதனை நடத்தலாம்; யூதரைப் போல் ஒரு நூலை வாரத்துக்கோர் அதிகாரமாய்ப் பயிலலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் இரு வினாக்கள் எழுப்பப்பட வேண்டும். இம்மாற்றத்தால் திருவசனம் குறைகிறதா? இம்மாற்றத்தால் வர இயலாமற்போகிறவர் யார்? முதல் வினாவைக் கேட்க நமது இறையியற் கல்வி நம்மைப் பயிற்றுவித்திருக்கிறது. இரண்டாவதை, வரும் கோடைக்கு முன், பின்புறத்துப் பாய்களில் அமர்வோரிடமே சென்று கேட்போமாக.