எள்ளப்பட்டவனின் சிரிப்பு

நகைச்சுவை நடிகர் ஒருவரின் படம் நன்றாக அமையவில்லை என்று சொல்வதற்கு இத்தகைய ஏடொன்றின் பக்கங்களைச் செலவிடத்தான் வேண்டுமா என்று வாசக நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆண்டுதோறும் தமிழிலே படங்கள் குவிகின்றன; பெரும்பாலானவை வந்த வேகத்திலேயே மறக்கப்படுகின்றன. 2022 டிசெம்பர் 9ஆந் திகதி வெளியான ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ படத்தையும் அவ்வாறே மறந்துவிடலாம். ஆயினும் எமது மக்களின் அன்றாடப் பேச்சிலே வடிவேலு என்ற கலைஞர் பெற்றிருக்கும் இடத்தை எண்ணும்போது, அப்படம் தந்த ஏமாற்றத்தை வெறும் பொழுதுபோக்கு நட்டமாகக் கணக்கெழுதிவிட்டுப் போக மனம் இடந்தரவில்லை.

போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாதிருந்த வன்னி ஊர்களிலே ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து, முற்றத்திற் பாய் விரித்துப் படம் பார்த்த தலைமுறை ஒன்று உண்டு. ஆனால் வடிவேலு இங்கு வீட்டு மனிதராகியது 2009இன் பின்னரே என்பது எமது கணிப்பு. செட்டிகுளத்து முகாம்களிலிருந்து திரும்பித் தறப்பாளின் கீழும் தகரக் கொட்டில்களிலும் மறுபடி அடுப்பு மூட்டியோருக்கு மின்சாரம் கிடைத்ததும், தொலைக்காட்சியைத் திருப்பிய நேரமெல்லாம் அவரே நின்றார். பின்பு கைத்தொலைபேசி வந்தது. 2022இல் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையிற் காத்துக் கிடந்த நாட்களில், அந்த வரிசைகளைப் பற்றிப் பரவிய கேலிப் படங்கள் பலவற்றிலும் அவர் முகந்தான் இருந்தது. சந்தையில் மரக்கறி விலைப்படாமற் திரும்பியவரும், கடன் கேட்டு மறுக்கப்பட்ட கமக்காரரும், மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கிய ஆசிரியரும் தத்தம் நிலையைச் சொல்ல அம்முகத்தையே இரவல் வாங்கினர். தமிழ்நாட்டு நடிகர் வேறெவருக்கும் இந்த உரிமையை எமது மக்கள் கொடுத்ததாகத் தெரியவில்லை. கதாநாயகர்களை வியந்தார்கள், வடிவேலுவைப் பயன்படுத்தினார்கள்.

இதன் காரணத்தை நாம் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. நகைச்சுவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினடியாகப் பிறக்கும் என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும். இவற்றுள் எள்ளலுக்கு உரை கண்ட பேராசிரியர் அதனை இரண்டாகப் பகுக்கிறார்: தான் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று, பிறரால் தான் இகழப்பட்ட இடத்துச் சிரிப்பது மற்றொன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தச் சிறிய பாகுபாடு இன்றைய சினிமாவுக்கும் அளவுகோலாகிறது. முதலாவது சிரிப்பு அரண்மனையிலும் உண்டு, அலுவலகத்திலும் உண்டு, வகுப்பறையிலும் உண்டு. வல்லவன் எவனும் அதனைச் சிரிக்கலாம். இரண்டாவது சிரிப்பு எளியவனிடம் மட்டுமே இருக்கிறது. வடிவேலுவின் கலை இந்த இரண்டாவது சிரிப்பின் மேல் எழுந்தது.

ராஜ்கிரணின் ‘என் ராசாவின் மனசிலே’ படத்தில் 1991இல் அறிமுகமாகிய இந்த மதுரைக்காரர், மறு ஆண்டே ‘தேவர் மக’னில் இசக்கியாக வந்தார். பெரிய வீட்டுப் பிள்ளை சொன்னதற்காகக் கோயிற் பூட்டைத் திறந்தவன் இசக்கி. அதற்கு விலையாகப் போனது அவனுடைய கை. பெரிய வீட்டுக்குக் கை போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனையிலே அவன் அழவில்லை. இனி உண்பதற்கும் கழுவுவதற்கும் ஒரே கைதான் என்று பகிடி விடுகிறான். போரிலே கைகால் இழந்தோர் ஒவ்வொரு கிராமத்திலும் வாழும் இந்த மண்ணில் அக்காட்சியைப் பார்ப்பது வேறோர் அனுபவம். அங்கக் குறையைச் சிரிப்புக்குரிய பொருளாக்குவது கீழ்மை என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் இங்கே பகிடி விடுபவன் இழந்தவனே. தன்னைப் பார்த்து இரங்க வருவோரை அவன் முந்திக்கொள்கிறான். செயற்கைக் கால் பூட்டிய எமது நண்பர்கள் சிலரும் இவ்வாறு பேசுவதைக் கேட்டிருக்கிறோம்.

இனி, ‘தலைநகரம்’ படத்து நாய் சேகர். 2006இல் சுராஜ் இயக்கிய அந்தப் படத்திலே பொலிஸார் ரவுடிகளைப் பிடித்து வாகனத்தில் ஏற்றுகிறார்கள். சேகரை ஒருவரும் திரும்பியும் பார்க்கவில்லை. அவனோ தானும் ரவுடியே என்று வாதாடி, மன்றாடி, வலிந்து வண்டியேறுகிறான்; போகிற வழியெல்லாம் தான் சிறைக்குப் போவதை ஊருக்கு அறிவிக்கிறான். நாட்டின் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத ஒருவன், குற்றவாளிகளின் பட்டியலிலாவது தன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறான். இதைவிடக் கசப்பான ஒரு கற்பனையைத் தமிழ்ச் சினிமாவின் சோகப் படங்கள் எத்தனை தந்திருக்கின்றன?

ஆயுதம் தாங்கியோரின் வாகனத்தில் ஒருவன் ஏற்றப்படுவது எமது பிரதேசத்தில் நகைப்புக்குரிய காரியமன்று. ஏற்றிச் செல்லப்பட்டோரையும் ஒப்படைக்கப்பட்டோரையும் தேடும் தாய்மார் கிளிநொச்சியிலே தொடர் போராட்டத்தை ஆரம்பித்தது 2017 பெப்ரவரியில். அப்படியிருந்தும் அக்காட்சிக்கு இம்மக்கள் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்கள். அச்சம் அங்கே தலைகீழாகிறது. அதிகாரத்தின் வண்டி ஒரு கணம் வாடகை வண்டியாகிவிடுகிறது. அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு அந்த ஒரு கணம் மிகப் பெரியது.

‘வெற்றிக் கொடி கட்டு’ படத்தில் டுபாய்ப் பெருமை பேசுபவனையும், ‘வின்னர்’ படத்தில் அடிவாங்கி நொண்டிக்கொண்டே கம்பீரமாக நடக்கும் கைப்புள்ளயையும் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை, வாசகர் நன்கறிவர். ‘பிரண்ட்ஸ்’ படத்து ஒப்பந்தகாரர் நேசமணியின் தலையிற் சுத்தியல் விழுந்ததற்காக, அப்படம் வெளியாகிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2019இல் உலகெங்கும் தமிழர் விளையாட்டாகப் பிரார்த்தனை செய்ததும் தெரிந்த கதையே.

நேசமணிக்காகப் பிரார்த்தனை நடந்த அந்நாட்களில் வடிவேலுவுக்குப் படம் இருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 2011ஆம் ஆண்டுத் தேர்தல் மேடைகளில் தி.மு.க.வுக்காகப் பேசியதன் பின் வாய்ப்புகள் சுருங்கின. ‘24ஆம் புலிகேசி’ தொடர்பான பிணக்கில் தயாரிப்பாளர் சங்கம் விதித்த தடை 2021இல்தான் நீங்கியது. 2017இல் வந்த ‘மெர்ச’லுக்குப் பின் ஐந்தாண்டு இடைவெளி. ஆகவே அவர் திரும்பி வருகிறார் என்றபோது, அதே சுராஜின் இயக்கத்தில் அதே சேகராக வருகிறார் என்றபோது, எதிர்பார்ப்பு எல்லை கடந்தது. (‘நாய் சேகர்’ என்ற பெயரை அதே ஆண்டின் தொடக்கத்தில் சதீஷ் நடித்த வேறொரு படம் எடுத்துக்கொண்டமையால் ‘ரிட்டர்ன்ஸ்’ என்ற ஆங்கில வால் ஒட்டவேண்டியதாயிற்று. பெயருக்கு உயிர் கொடுத்தவருக்கே பெயர் இல்லாமற் போன விந்தை!)

திரும்பி வந்தவர் சேகர் அல்லர். முன்பு பட்டப்பெயராக இருந்தது இப்பொழுது தொழிலாகிவிட்டது. செல்வந்தர் வளர்க்கும் நாய்களைக் கடத்திப் பணம் பறிக்கும் கும்பலுக்கு இவர் தலைவர். தலைவர் என்பதிலேதான் சறுக்கல் ஆரம்பமாகிறது. பழைய சேகர் யாரோ ஒருவனாகத் தன்னைக் காட்டிக்கொள்ள முயன்று தோற்றவன். புதிய சேகர் ஏற்கெனவே எல்லாமாக இருக்கிறார். உடைகள் பளபளக்கின்றன. சுற்றி நிற்போர் அவர் பேசுவதற்கு இடம் விட்டுக் காத்து நிற்கிறார்கள். அதட்டுபவர் இவர், வாங்கிக் கட்டிக்கொள்வோர் கூட்டாளிகள். பேராசிரியர் சொன்ன இரண்டாவது சிரிப்பிலிருந்து முதலாவது சிரிப்புக்கு நடிகர் இடம் மாறிவிட்டார். பழைய முகக் கோணல், பழைய குரல் இறக்கம், பழைய நடை யாவும் இருக்கின்றன. அவற்றைப் பிறப்பித்த அடி மட்டும் இல்லை. வலிக்காதவன் வலிப்பது போல் முகத்தைச் சுளித்தால் அது முகச்சுளிப்பு என்ற அளவில் நின்றுவிடுகிறது. பார்வையாளர் பழைய காட்சியை நினைத்துச் சிரிக்க முயல்கிறார். சிறிது நேரத்தில் அதுவும் களைத்துப்போகிறது.

கதையின் அடிப்படை இன்னும் கவலைக்குரியது. சேகரின் குடும்பத்தில் முன்பு ஒரு நாய் இருந்ததாம். வீட்டுக்குச் செல்வத்தைக் கொண்டுவரும் அதிர்ஷ்ட நாய். அது திருட்டுப் போயிற்று, குடும்பம் நொடித்தது. திருடியவன் ஐதராபாத்திலே பெருஞ் செல்வனாகி வாழ்கிறான். சேகர் சென்று அதனை மீட்கவேண்டும். ஒருவனின் செல்வம் இன்னொருவனிடமிருந்து பறிக்கப்பட்டது என்னும் உண்மை, தெரிந்தோ தெரியாமலோ, இந்தக் கதையின் வாசல் வரை வந்து நிற்கிறது. கூர்மையான ஓர் எழுத்தாளன் அதனை உள்ளே அழைத்திருப்பான். படமோ அதனை வாசலிலேயே கட்டிப்போட்டு, எல்லாவற்றுக்கும் நாயின் இராசியே காரணம் என்று கதவைச் சாத்துகிறது. உழைப்பு இல்லை, கூலி இல்லை, நிலம் இல்லை. நாய் இருந்தால் பணம், போனால் வறுமை. படம் வெளியான அதே நாட்களில் ‘மாண்டஸ்’ புயலோடு வந்த கடுங்குளிரினால் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் மடிந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பட்டியோடு மாடிழந்தவர்கள் இருந்தார்கள். செல்வம் நாலு காலில் நின்று, நாலு காலும் ஓய்ந்து விழுவதைக் கண்டவர்களிடம் அதிர்ஷ்டப் பிராணியின் கதையைச் சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். படம் எடுத்தவர்கள் எமது மாடுகளை நினைத்திருக்க வேண்டும் என்று நாம் கோரவில்லை. தமிழ்நாட்டிலும் மாடு வளர்ப்போர் இருக்கிறார்களே.

நகைச்சுவை நடிகர் கதாநாயகனாக ஆசைப்பட்டதே பிழை என்று சிலர் எளிதாகத் தீர்ப்பளிக்கின்றனர். நாம் அதற்கு உடன்படவில்லை. சிம்புதேவன் இயக்கிய ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில், 2006இலேயே, இவர் முழுப் படத்தையும் சுமந்தார். அங்கே அவர் மன்னர். ஆயினும் அம்மன்னன் வெள்ளையனுக்கு அடிபணிந்து, சாதிச் சண்டைக்கென்றே மைதானம் திறந்து, அந்நியக் குளிர்பானத்தை நாட்டுக்குள் விடுபவன். கூத்துக் களரியில் அரசனைக் கேலிசெய்யக் கோமாளிக்கு இருந்த உரிமை, அரசனின் உடைக்குள்ளேயே புகுந்து வேலை செய்தது. சிரிப்பு மேல்நோக்கிப் பாய்ந்தது. 1964இல் நாகேஷ் ‘சர்வர் சுந்த’ரத்தில் நாயகனாக வென்றதும் உணவுச்சாலைப் பணியாளனாக நின்றே. கலைவாணர் ‘நல்லதம்பி’யில் கிந்தனார் கதை சொன்னபோது, ஒடுக்கப்பட்ட சிறுவன் கல்வி பெறுவதைக் கண்டு பழைமை திகைக்கிறது, சிரிப்பு அந்தத் திகைப்பின் மேல்தான்.

கலைஞர் செல்வந்தராகிவிட்டார், ஆகவே ஏழையாக நடிக்க முடியவில்லை என்பாரும் உளர். இதுவும் அரைகுறை விளக்கம். சாப்ளின் ‘சிற்றி லைற்ஸ்’ எடுத்த 1931இல் உலகின் பெருஞ் செல்வர்களுள் ஒருவராக இருந்தார். அவருடைய நாடோடியின் சப்பாத்து அப்பொழுதும் கிழிந்தே இருந்தது. நடிகனின் பணப்பெட்டியைக் காட்டிலும் கதையில் அவன் யாருக்கு எதிரே நிறுத்தப்படுகிறான் என்பதே முக்கியம். பெரும் மூலதனம் ஒரு கலைஞரைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அவருடைய பெயரையும் முகத்தையும் விலைக்கு வாங்கியது. அவரை அடிக்கத் துணிந்த ஓர் எழுத்தை வாங்க மறந்துவிட்டது. ‘பணக்காரன்’ என்ற பெயரிலேயே அவர் பாட்டு ஒன்றும் பாடவைத்தார்கள்.

பழைய படங்கள் யாவும் பொன் என்று கொள்வதற்குமில்லை. நிறத்தையும் பெண்ணையும் இழிவுசெய்யும் காட்சிகள் அவற்றிலே ஏராளம். அடிப்பதே சிரிப்பு என்ற பழக்கத்தை அவை பிள்ளைகளுக்கு ஊட்டியிருக்கின்றன என்பதைப் பாடசாலை முற்றத்தில் நிற்கும் எவரும் அறிவர். அவற்றில் மணி எது, பதர் எது என்று பிரிக்கும் வேலையை எமது விமர்சகர்கள் இன்னும் தொடங்கவில்லை. கூத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவோருக்கு இது தாழ்வான வேலையாகத் தோன்றுகிறது போலும்.

‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ வந்து ஏழு மாதங்கூட ஆகாத நிலையில், 2023 ஜூன் 29ஆந் திகதி, மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ வெளியானது. தனித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகியும் ஆதிக்க சாதித் தலைவனின் முன்னே இருக்கையில் அமரத் துணியாத ஒருவராக வடிவேலு அதில் நடித்தார். இசக்கியே தன் மாமன்னன் என்று இயக்குநர் பகிரங்கமாகச் சொன்னார். கை இழந்த அந்த இசக்கிக்கு ‘தேவர் மகன்’ நாற்காலி கொடுக்கவில்லை. இங்கே நாற்காலி கிடக்கிறது, முழங்கால் மடங்க மறுக்கிறது. மகன் அமரச் சொல்கிறான். நிற்பதா, இருப்பதா என்று அந்த உடல் தவிக்கும் கணத்தில் நகைச்சுவை ஒரு துளியும் இல்லை. ஆயினும் வண்டியில் ஏறத் தவித்த நாய் சேகரின் உடலை நாம் அங்கே அடையாளங் கண்டுகொண்டோம். ஆக, கலைஞரிடம் சரக்குத் தீர்ந்துவிடவில்லை. அதிகாரம் என்ற ஒன்று கதைக்குள் மறுபடி வந்தவுடன் அவரும் வந்துவிட்டார். சிரிப்போடு அவரை அவ்வாறு நிறுத்தும் படத்தை யார் எழுதப்போகிறார்கள் என்பதே கேள்வி. 2025இல் ‘தலைநகரம்’ நாயகன் சுந்தர் சி.யோடு ‘கேங்கர்ஸ்’ படத்தில் மீண்டும் சேர்ந்தார். பழைய கூட்டணி என்பதே அதற்கும் பெரிய விளம்பரமாயிற்று.

எமது உயர்தர வகுப்பு மாணவர்களிற் பலர் ‘தலைநகரம்’ வெளியான காலத்துக்குப் பின் பிறந்தவர்கள். பாடசாலைக் கலைவிழாவில் நாய் சேகரை நடிக்கச் சொன்னால் நாய்க் கடத்தற்காரரை அவர்கள் நடிப்பதில்லை. இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் பொலிஸ் வண்டியாக்கி, ஒருவன் அதில் ஏறுவதற்குச் சண்டை பிடிக்கிறான்.