நோயும் போர்மொழியும்

1975இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான சூசன் சொன்ராக், 1978இல் வெளியிட்ட 'உருவகமாய் நோய்' என்ற நூலில், புற்றுநோய் பற்றிய பேச்சில் போர்மொழி கோலோச்சுவதைச் சாடுகிறார். கதிர்ச் சிகிச்சையின் சொற்கள் வான்தாக்குதலிலிருந்து வந்தவை என்கிறார். குண்டுவீச்சுக்குத் தப்பி வந்த எமக்கு இது வெறும் இலக்கிய வாதமல்ல. பங்கருக்குள் இரவுகளைக் கழித்த பெண்ணிடம் 'கதிரால் தாக்கப் போகிறோம்' என்றால், அவளுக்கு விமான இரைச்சல்தான் கேட்கும்.

ஆனால் நூலில் நோயாளியின் உடல் இல்லை. தன் நோயையே அவர் 1989இல் வந்த அடுத்த நூலில்தான் குறிப்பிடுகிறார். தோலில் இட்ட மைக்குறி, எல்லோரும் வெளியேறியபின் இயந்திரத்தின்கீழ் தனியே கிடக்கும் சில நிமிடங்கள், வாரக்கணக்கில் தொடரும் களைப்பு, கறுத்து எரியும் தோல்: இவற்றுக்குப் போர்ச்சொல் பொருந்தாது. வேறு சொல்லையும் அவர் தரவில்லை. அதை எங்கள் பெண்கள்தான் எழுதவேண்டும்.