ஒப்பீட்டுக் கட்டுரைகள்: பட்டியலும் முடிவும்

0. முன்னுரை

கால்டுவெலின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது முதல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு எழுதும் மரபு தொடர்ந்து வளர்ந்துள்ளது. எனினும் தமிழில் எழுதப்பெறும் ஒப்பீட்டுக் கட்டுரைகள் பல, முற்பாதியில் ஒரு மொழியின் கூறுகளையும் பிற்பாதியில் மற்றொன்றின் கூறுகளையும் தொகுத்துத் தந்து, இரண்டிற்கும் ஒற்றுமையும் உண்டு, வேற்றுமையும் உண்டு என முடிகின்றன. எவ்விரு மொழிகளுக்கும் பொருந்தும் இக்கூற்று ஆய்வு முடிவாகாது. இக்குறையின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பொது அடிப்படை

வினை, பயன், மெய், உரு என்னும் நான்கினை உவமைக்கு அடிப்படையாகத் தொல்காப்பிய உவமவியல் வகுக்கிறது. எதனால் ஒக்கிறது என்பது புலப்படாவிடில் ஒப்புமை இல்லை. இந்நெறி ஆய்வுக் கட்டுரைக்கும் பொருந்தும்.

தமிழில் வந்தான், வந்தாள், வந்தது என வினைமுற்று திணையும் பாலும் காட்டும். மலையாளத்தில் மூன்றிடத்தும் 'வந்நு' என்னும் ஒரே வடிவம் வரும். இதைக் கொண்டு மலையாளத்திற்குப் பாலறி விகுதி என்றுமே இருந்ததில்லை என எழுதுவது பிழையாகும்; பழைய மலையாளச் செய்யுள்களில் இவ்விகுதிகள் காணப்படுகின்றன. ஒரு மொழியின் எழுத்து வழக்கை மற்றதன் பேச்சு வழக்கோடும், ஒன்றின் பழைய நிலையை மற்றதன் இன்றைய நிலையோடும் ஒப்பிடுவோர் மொழி வேறுபாட்டையன்றி வழக்கு வேறுபாட்டையும் கால வேறுபாட்டையுமே காண்கின்றனர்.

2. வேற்றுமையின் திசை

தமிழ்ப் 'பால்', 'புலி' ஆகியன கன்னடத்தில் 'ஹாலு', 'ஹுலி' என வழங்குகின்றன. பழங்கன்னடத்தில் இங்குப் பகரமே இருந்தமையால் மாறியது கன்னடம். ஆனால் 'செவி', 'செம்மை' என்பவற்றின் இனச்சொற்கள் கன்னடத்தில் 'கிவி', 'கெம்பு' என ககரத்துடன் உள்ளன. இங்கு ககரமே மூல ஒலி. முன்னுயிரின்முன் அதைச் சகரமாக மாற்றியது தமிழ். முதல் சான்றை மட்டும் காட்டும் கட்டுரை, பழமை முழுவதையும் தமிழே காத்தது என்னும் முடிவிற்கு வாசகரை இட்டுச் செல்லும். இக்கட்டுரையாசிரியரின் தொடக்கக்காலக் கட்டுரை ஒன்றும் இத்தவற்றிற்கு விலக்கன்று. தரவுகள் சரியாகவே இருந்தன. தேர்வு ஒருபக்கமாக இருந்தது.

மொழிவாரியாகப் பகுக்கும் அமைப்பு இத்தவற்றை மறைத்துவிடும். கூறுவாரியாக, ஒவ்வோர் ஒலியையும் இருமொழியிலும் அடுத்தடுத்து வைத்து ஆராயின் தவறு உடனே வெளிப்படும். எனவே அமைப்பு என்பது நடை பற்றியது மட்டுமன்று. ஆய்வு நேர்மை பற்றியதுமாகும்.

3. எண்ணுதலும் எடைபோடுதலும்

கேட்போரை உள்ளடக்கும் 'நாம்', விலக்கும் 'நாங்கள்' என்னும் வேறுபாடு தெலுங்கில் 'மனமு', 'மேமு' என உள்ளது. இன்றைய கன்னடத்தில் 'நாவு' ஒன்றே இரண்டிற்கும் வரும். இதனால் தமிழுக்குக் கன்னடத்தைவிடத் தெலுங்கே நெருங்கிய உறவு எனலாமா? ஆகாது. தமிழும் கன்னடமும் தென்திராவிடக் கிளையைச் சார்ந்தவை. தெலுங்கு வேறு கிளையினது. தொன்றுதொட்டு வரும் கூறொன்றை இரு மொழிகள் இழவாதிருத்தல் அவற்றின் தனி உறவிற்குச் சான்றாகாது. இரண்டும் சேர்ந்து மேற்கொண்ட புதுமையே சான்றாகும். ஒற்றுமைகளை எண்ணுவதால் மட்டும் உறவு புலப்படாது.

4. முடிவுரை

ஒப்பீட்டுக் கட்டுரை எழுதுவோர் முதலில் விடை காண வேண்டிய வினாவை வரையறுத்தல் வேண்டும். அவ்வினாவிற்குரிய கூறுகளை ஒரே வழக்கிலிருந்தும் ஒத்த காலநிலையிலிருந்தும் தெரிந்து, தம் கருத்திற்கு மாறான சான்றுகளையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும். ஒப்பீட்டிற்குப் பின்னும் தம் மொழியைப் பற்றித் தாம் முன்பு அறிந்திருந்ததையே ஒருவர் திரும்பக் கூறுவாராயின், அவர் ஒப்பிடவில்லை என்றே கொள்ளத்தகும்.