கேட்டலும் நடிப்பே: எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் மேடையும் திரையும்

ஆய்வுச் சுருக்கம்

எஸ்.வி. சகஸ்ரநாமம் (1913–1988) தமிழ்த் திரைப்பட வரலாற்றில் குணச்சித்திர நடிகராகவும், நாடக வரலாற்றில் சேவா ஸ்டேஜ் குழுவின் நிறுவனராகவும் தனித்தனியே பதிவு பெற்றுள்ளார். இவ்விரு பதிவுகளும் ஒன்றையொன்று நோக்காமல் நிற்கின்றன. அவரது திரை நடிப்பின் அடங்கிய தன்மைக்கும், நவீன உரைநடை எழுத்தாளர்களின் நாடகங்களை அவர் மேடையேற்றியதற்கும் உள்ள உறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: சகஸ்ரநாமம், சேவா ஸ்டேஜ், பி.எஸ். ராமையா, தி. ஜானகிராமன், குணச்சித்திர நடிப்பு, உரைநடை நாடகம்.

முன்னுரை

'குணச்சித்திர நடிகர்' என்னும் தொடர் தமிழ்த் திரையுலகில் இரு பொருளில் வழங்குகிறது. பாத்திரத்தின் குணத்தைத் தீட்டிக் காட்டும் திறனுடையவர் என்பது சொல்வழிப் பொருள். நாயகனும் வில்லனும் நகைச்சுவை நடிகரும் அல்லாத எஞ்சியவர் என்பது நடைமுறைப் பொருள். தந்தை, தமையன், நீதிபதி, ஆசிரியர் ஆகிய வேடங்கள் இவ்வகைக்குள் அடக்கப்படுகின்றன. சகஸ்ரநாமம் இந்த இரண்டாம் பொருளிலேயே நினைக்கப்படுகிறார். இவ்வாறு நினைப்பது வேடத்தின் அளவைக் கூறுமேயன்றி, நடிப்பின் இயல்பைக் கூறாது. அவ்வியல்பை அறிய அவரது மேடைப் பணியிலிருந்து தொடங்க வேண்டும்.

பாலர் சபையின் பயிற்சி

கோவைக்கு அருகிலுள்ள சிங்காநல்லூரில் பிறந்த சகஸ்ரநாமம் இளம் வயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். சங்கரதாஸ் சுவாமிகளிடம் பயின்ற அச்சகோதரர்கள் 1925-இல் தனிக்குழு கண்டவர்கள். பாட்டும் வசனமும் மனப்பாடமாக வேண்டும்; குரல் ஒலிபெருக்கியின் உதவியின்றிக் கடைசி வரிசைவரை எட்ட வேண்டும்; எந்த வேடத்தையும் ஏற்க ஆயத்தமாக இருக்க வேண்டும். பாலர் சபைகள் அளித்த பயிற்சி இத்தகையது. தமிழ்த் திரையின் முதல் இரு தலைமுறை நடிகர்களில் பெரும்பாலோர் இப்பள்ளியின் மாணவர்களே. அவர்களது உரத்த குரலும் விரிந்த அங்க அசைவும் இங்கிருந்து வந்தவை. அதே பள்ளியில் பயின்ற சகஸ்ரநாமம் பிற்காலத்தில் தாழ்ந்த குரலுக்கும் குறைந்த அசைவுக்கும் வந்து சேர்ந்தது பயிற்சியின் இயல்பான விளைவு அன்று. பயின்றதில் ஒரு பகுதியை விட்டொழித்ததால் விளைந்தது அது.

நாடகக் குழுவை நடத்தும் பொறுப்பு அவருக்கு ஒரு நெருக்கடியின் வழியே வந்தது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் என்.எஸ். கிருஷ்ணன் 1944-இல் கைதானபின், அவரது நாடக சபையைச் சகஸ்ரநாமம் முன்னின்று நடத்தினார். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய 'பைத்தியக்காரன்' (1947) படம் அக்காலப் பின்னணியில் உருவானது. முதியவர் இளம்பெண்ணை மணக்கும் வழக்கத்தைச் சாடிய அப்படத்தில் அவரே முதன்மை வேடங்களில் ஒன்றை ஏற்றார். நடிகரும் நிர்வாகியும் ஒருவரே ஆகும் நிலை பின்னர் அவரது வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

சேவா ஸ்டேஜும் எழுத்தாளர்களும்

1950-களின் தமிழ் மேடையில் இரு போக்குகள் வலுவாக இருந்தன. ஒன்று, பாட்டும் காட்சி வியப்பும் நிறைந்த புராண, வரலாற்று நாடகம். மற்றொன்று, அடுக்குமொழி வசனத்தை முதன்மைக் கருவியாகக் கொண்ட திராவிட இயக்க நாடகம். இரண்டிலும் சொல் பார்வையாளரை நோக்கி நேரே செல்கிறது. மேடையில் எதிரே நிற்கும் பாத்திரம் அச்சொல் கடந்து செல்லும் இடமாகவே அமைகிறது.

சகஸ்ரநாமம் நிறுவிய சேவா ஸ்டேஜ் மூன்றாவது வழியொன்றை நாடியது. தொழில்முறை நாடக ஆசிரியர்களோடு நில்லாமல், சிறுகதையும் நாவலும் எழுதியவர்களிடம் அது நாடகம் கேட்டது. மணிக்கொடி இதழின் சிறுகதைக் காலத்தை நடத்திய பி.எஸ். ராமையா 'தேரோட்டி மகன்', 'போலீஸ்காரன் மகள்' முதலிய நாடகங்களை அளித்தார். தி. ஜானகிராமனின் 'நாலு வேலி நிலம்', 'வடிவேலு வாத்தியார்' ஆகியவையும் இக்குழுவின் மேடையேற்றங்களே. பாரதியின் 'பாஞ்சாலி சபதம்' மேடை வடிவம் பெற்றதும் இங்கேதான்.

இத்தேர்வு நடிப்பு முறையையே மாற்றக் கூடியது. சிறுகதையாசிரியரின் உரையாடல் பெரும்பாலும் முற்றுப்பெறாத வாக்கியங்களால் ஆனது. ஒருவர் சொல்லாமல் விட்டதை மற்றவர் புரிந்துகொள்வதில்தான் அதன் நாடகத் தன்மை இருக்கிறது. தி. ஜானகிராமனின் பாத்திரங்கள் தஞ்சை மண்ணின் பேச்சில், சுற்றி வளைத்து, குத்தலும் குழைவுமாகப் பேசுபவை. நாலு வேலி, அதாவது 26 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நஞ்சை, அம்மனிதர்களின் மானத்தோடு பிணைந்திருப்பதை முழக்கத்தால் உணர்த்த இயலாது. எதிரே இருப்பவர் பேசுவதை உண்மையாகவே கேட்கும் நடிகர் அங்குத் தேவைப்படுகிறார். 'தேரோட்டி மகன்' கர்ணனின் கதை. புராண நாடகத்தின் பழகிய கதைமாந்தரே ஆயினும், பிறப்பால் மறுக்கப்பட்டவனின் மனப்புழுக்கமே அதன் மையம். பாட்டும் வியப்பும் நீங்கிய மேடையில் பார்வையாளரைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு முழுவதும் உரையாடலின் மேல் விழுகிறது.

திரையில் கேட்பவர்

இப்பின்னணியில் 'பராசக்தி' (1952) படத்தின் சந்திரசேகரனை மீண்டும் நோக்கலாம். அப்படம் மு. கருணாநிதியின் வசனத்திற்கும் சிவாஜி கணேசனின் அறிமுகத்திற்கும் உரியதாகவே பேசப்படுகிறது. மூத்த தமையனும் நீதிபதியுமாகிய சந்திரசேகரனுக்குப் புகழ்பெற்ற வசனம் ஏதுமில்லை. எனினும் கதையின் அறச்சிக்கல் அவன்மேல்தான் இறங்குகிறது. பசியோடு வந்த தங்கை கல்யாணியை இன்னாரென அறியாமல் விரட்டியவன், பின்னர் நீதி இருக்கையிலிருந்து அவள் வாக்குமூலத்தைக் கேட்க நேர்கிறது. அவள் பேசப் பேச, குற்றம் சாட்டப்பட்டவள் யார் என்பது அவனுக்குத் துலங்குகிறது, நிலைகுலைந்து மயங்குகிறான். பேச்சு கல்யாணியுடையது, அப்பேச்சினால் மாறுபவன் சந்திரசேகரன். கேட்பவன் முகத்தில் அம்மாற்றம் நிகழாவிடில் அவ்வாக்குமூலம் மேடைச் சொற்பொழிவாகவே நின்றுவிடும். வசனத்தின் வெற்றிக்கு அதை வாங்கிக்கொள்ளும் நடிகர் எவ்வளவு இன்றியமையாதவர் என்பதற்கு இக்காட்சி சான்று.

மேடையிலிருந்து திரைக்கு வந்த இரு படைப்புகள்

சேவா ஸ்டேஜ் நாடகங்கள் இரண்டு திரைப்படமானதை ஒப்பிடுவது பயன்தரும். 'நாலு வேலி நிலம்' 1959-இல் முக்தா சீனிவாசனின் இயக்கத்தில் படமாகியது. சகஸ்ரநாமமே முயன்று உருவாக்கிய அப்படம் வணிக வெற்றி பெறவில்லை. 'போலீஸ்காரன் மகள்' 1962-இல் ஸ்ரீதரின் இயக்கத்தில் வெளிவந்து பெரிதும் பேசப்பட்டது. கடமைக்கும் பாசத்திற்கும் இடையே சிக்கிய போலீஸ்காரத் தந்தையாகச் சகஸ்ரநாமம் அதில் நடித்தார்.

இவ்வேறுபாட்டுக்கு இயக்குநரின் திறனை மட்டும் காரணமாக்குவது போதாது. 'போலீஸ்காரன் மகள்' தந்தை–மகள் என்னும், திரைக்கு முன்பே பழகிய உறவின்மேல் கட்டப்பட்டது, பாடல்களுக்கும் இடமளித்தது. 'நாலு வேலி நிலம்' ஒரு வட்டாரத்தின் நில உறவையும் பேச்சையும் நம்பியது. அடங்கிய நடிப்பைக் குடும்ப உணர்ச்சியின் எல்லைக்குள் திரை வரவேற்றது. அந்நடிப்பு எந்த உரைநடையிலிருந்து பிறந்ததோ அவ்வுரைநடையை ஏற்கத் தயங்கியது. திரையில் ஈட்டிய பொருளை நாடகத்தில் செலவிட்டவர் என்று சகஸ்ரநாமம் பாராட்டப்படுவது வழக்கம். அப்பாராட்டுக்குள் மறைந்திருப்பது இந்த ஏற்றத்தாழ்வே. மேடை வளர்த்த நடிகரைத் திரை பெற்றுக்கொண்டது. திரையால் மேடைக்குக் கிடைத்தது அவர் தாமே கொண்டுவந்த ஊதியம் மட்டுமே.

எல்லைகள்

இம்முயற்சியின் குறைகளையும் சுட்ட வேண்டும். சகஸ்ரநாமத்தின் திரை வேடங்களைத் தொடர்ந்து காணும்போது ஒரே வகையான கண்ணியம் திரும்பத் திரும்ப வருவது புலப்படும். கயமையும் வேடிக்கையும் கலந்த பாத்திரங்களில் டி.எஸ். பாலையா காட்டிய வீச்சு இவரிடம் இல்லை. அடக்கம் சில படங்களில் பாத்திரத்தின் இயல்பாக இல்லாமல் நடிகரின் வழக்கமாகவே நின்றுவிடுகிறது. நாடகப் பிரதிகளிலும் சிக்கல் உண்டு. சிறுகதையாசிரியரின் நுட்பம் மேடையில் எப்போதும் செயலாக மாறுவதில்லை. பேசித் தீர்க்கும் காட்சிகள் மிகுகின்றன. கூத்து முதலிய மரபு வடிவங்களிலிருந்து புதிய மேடைமொழியைத் தேடும் நாட்டமும் இக்குழுவின் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. பிற்காலச் சபா மேடை நகைச்சுவைத் துணுக்குகளின் பக்கம் சாய்ந்தபோது, இவ்வகை நாடகத்திற்கு நிலையான பார்வையாளர் குழு எஞ்சவில்லை.

ஆயினும் தொடர்ச்சி முற்றிலும் அறுபட்டது எனக் கூற முடியாது. இக்குழுவில் வளர்ந்த ஆர். முத்துராமன் திரையில் மிகையற்ற நடிப்புக்கு அறியப்பட்டார். இங்கு நாடகம் பயின்ற கோமல் சுவாமிநாதன் 1980-இல் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தைப் படைத்தார். வறண்ட ஊரின் பேச்சையே நாடகமாக்க முடியும் என்னும் அதன் துணிவு 'நாலு வேலி நிலம்' தொடங்கிவைத்த திசையைச் சேர்ந்தது.

முடிவுரை

சகஸ்ரநாமத்தின் மேடைப் பணியில் இன்று ஆய்வாளர் கைக்கு எட்டுவது பெரும்பாலும் நாடகப் பிரதிகளே. மேடையில் அவை எவ்வாறு பேசப்பட்டன என்பதைப் பிரதி மட்டும் காட்டாது. அவரது திரை வேடங்களோ பார்க்கக் கிடைக்கின்றன. ஆகவே நாடகத்துறை ஆய்வுகள் அவற்றை ஒரு நடிகரின் துணை வருவாய் என ஒதுக்காமல், சேவா ஸ்டேஜ் நடிப்பு முறையை அறிய உதவும் சான்றுகளாகக் கொள்ள வேண்டும். அவ்வாறே நவீன இலக்கிய வரலாறும் ராமையாவையும் ஜானகிராமனையும் அச்சுப் பக்கத்தோடு நிறுத்தாமல், அவர்கள் சொற்களை வாங்கிப் பேசிய நடிகர் வரை தொடர வேண்டும். பல்கலைக்கழகங்களில் இலக்கியம், நாடகம், திரைப்படம் ஆகியவை தனித்தனித் தாள்களாகக் கற்பிக்கப்படும்வரை, மூன்றிலும் பணியாற்றிய ஒருவர் எத்தாளிலும் முழுமையாக இடம்பெறமாட்டார்.